உயர்த்திக் கட்டிய ஜீப்பு: பாடியும் பிரேக் குழாயும்

ஜீப்பை உயர்த்திக் கட்டுதல் என்பது, நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி ஒன்றின் அடிச்சட்டத்தை அச்சிலிருந்து மேலே தூக்கி, பெரிய டயர் பூட்டி, அதற்கேற்பப் பாடியை வெட்டியோ நீட்டியோ அமைத்து, பிரேக் குழாய்களை மாற்றிப் போடும் பட்டறை வேலையாகும். இன்று இது வசதியுள்ள இளைஞர்களின் பொழுதுபோக்காகவே பெரும்பாலும் அறியப்படுகிறது. ஆனால் இந்தியாவில் இதன் வரலாறு பொழுதுபோக்கில் தொடங்கவில்லை. போர் முடிந்து ஏலத்துக்கு வந்த வண்டிகளிலும், ஏறிக்கொண்டே போன பெட்ரோல் விலையிலும், பேருந்து போகாத மலைப்பாதைகளிலும் தொடங்கியது. சட்டம் நெடுங்காலம் இதைக் கண்டும் காணாமல் இருந்தது. 2019இல் கதவை ஏறக்குறைய முழுதாக மூடியது. இடைப்பட்ட காலத்தில் பட்டறைக்காரர்கள் எதை மாற்றினார்கள், எதை மாற்றாமல் விட்டார்கள் என்பதே இந்த வரலாற்றின் முக்கியமான கேள்வி.

திருவண்ணாமலை மாவட்டத்தின் ஆரணி இந்தக் கேள்வியைப் புரிந்துகொள்ள ஏற்ற ஊர். கமண்டல நாகநதிக் கரையில் சமவெளியில் அமைந்த பட்டு நெசவு நகரம் அது. மேற்கே ஜவ்வாது மலைத்தொடர் எழுகிறது. கீழே தறியும் நெல்லும். மேலே மலையாளிப் பழங்குடியினரின் சிற்றூர்களும் மண்பாதைகளும். சாதாரணக் கார் தயங்கும் பாதையும் தார்ச்சாலையும் இத்தனை அருகருகே இருக்கும் ஊர்களில்தான் ஜீப்பு அவசியமாயிற்று. ஆரணியின் தறிகளும் ஒரு பாடம் சொல்கின்றன. முன்பு புட்டாவுக்கும் கரைக்கும் ‘அடை’ கட்டி ஆள்வைத்து நூல் தூக்கிய குழித்தறியின் மேல் ஜக்கார்டு பெட்டியை ஏற்றினால், கூரை உயரம் போதாது. தறிச்சட்டம் பாரம் தாங்க வேண்டும். பெட்டியிலிருந்து தொங்கும் கயிறுகளின் நீளத்தைப் புதிதாகக் கணக்கிட வேண்டும். ஒன்றை உயர்த்தினால் அதோடு கட்டுண்ட மற்றவையும் இழுபடும். ஜீப்பிலும் இதேதான் நடக்கிறது. தறியில் கணக்குத் தப்பினால் நூல் அறும், சேலை பாழாகும். ஜீப்பில் கணக்குத் தப்பினால் என்ன ஆகும் என்பது சொல்லாமலே விளங்கும்.

போரில் பிறந்த வண்டி

1940 கோடையில் அமெரிக்க ராணுவம் எடை குறைந்த, நான்கு சக்கர இழுவை கொண்ட உளவு வண்டி ஒன்றுக்கு வடிவம் கேட்டது. முதல் மாதிரிக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் 49 நாட்கள். அமெரிக்கன் பான்டம் என்ற சிறு நிறுவனம், கார்ல் புராப்ஸ்ட் என்ற பொறியாளரின் வரைபடத்தைக்கொண்டு, அவ்வாண்டு செப்டம்பர் 23 அன்று வண்டியை ஒப்படைத்தது. ஆனால் பெருமளவில் உற்பத்தி செய்யும் வாய்ப்பு வில்லிஸ் நிறுவனத்துக்கும் ஃபோர்டுக்கும் போனது. போர் முடிவதற்குள் இரண்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. 80 அங்குல அச்சிடைவெளி, 60 குதிரைத்திறன் கொண்ட நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், பட்டை எனப்படும் லீஃப் ஸ்பிரிங், நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் என்பது அதன் அமைப்பு.

மாற்றியமைப்பு இந்த வண்டியோடு கூடவே பிறந்தது. ஐரோப்பாவில் சாலைக்குக் குறுக்கே எதிரி கட்டிய கம்பி ஓட்டுநரின் கழுத்தை அறுக்காதிருக்க, முன்பக்கத்தில் நிமிர்ந்த இரும்புக் கொம்பு ஒன்றைப் பற்றவைத்தார்கள். காயம்பட்டவர்களை ஏற்ற ஸ்ட்ரெச்சர் சட்டம் பொருத்தினார்கள். பர்மாப் போர்முனையில் 1944இல் டயரைக் கழற்றிவிட்டு ரயில் சக்கரம் மாட்டி, ஜீப்பையே எஞ்சினாக்கி ரயில் ஓட்டினார்கள். தட்டையான இரும்புத் தகடு, வெளியே தெரியும் போல்ட்டு, நேர்கோட்டுச் சட்டம் என எங்கே வெட்டி எங்கே ஒட்ட வேண்டும் என்பதை வண்டியே காட்டிக்கொடுத்தது. கொல்லனுக்கும் புரிந்த கார் உலகில் அதிகமில்லை. ஜீப்பு அவற்றில் ஒன்று.

டிஸ்போசல் முதல் யூனியன் ஜீப்பு வரை

போர் முடிந்தபோது இந்திய மண்ணிலும் நிறைய ராணுவ ஜீப்புகள் எஞ்சின. அவை ‘டிஸ்போசல்’ என்ற பெயரில் ஏலத்துக்கு வந்து எஸ்டேட்டுகளுக்கும் ஒப்பந்தக்காரர்களுக்கும் போய்ச் சேர்ந்தன. விடுதலை பெற்ற நாட்டின் முதல் ஊழல் சர்ச்சையும் ஜீப்பைச் சுற்றித்தான் எழுந்தது. 1948இல் லண்டனில் இந்திய ஹை கமிஷனராக இருந்த வி. கே. கிருஷ்ண மேனன், ராணுவத்துக்காகச் சுமார் 80 லட்சம் ரூபாய்க்கு ஜீப்பு வாங்க ஒப்பந்தம் போட்டார். பெரும்பகுதிப் பணம் முன்கூட்டியே போய்விட, வந்து இறங்கியவை 155 மட்டுமே. 1955இல் அரசு அந்த விவகாரத்தை முடித்துவைத்தது.

இதற்கிடையே 1945இல் லூதியானாவில் மகிந்திரா சகோதரர்களும் குலாம் முகம்மதுவும் தொடங்கிய உருக்கு வணிக நிறுவனம், 1940களின் இறுதியில் பம்பாயின் மசகானில் வில்லிஸ் ஜீப்பை உதிரிகளாக இறக்குமதி செய்து கோக்கத் தொடங்கியது. குலாம் முகம்மது பாகிஸ்தானுக்குப் போய் அந்நாட்டின் முதல் நிதியமைச்சரானார். நிறுவனம் 1948இல் மகிந்திரா அண்டு மகிந்திரா என்று பெயர் மாறியது. பின்னர் சிஜே-3பி என்ற வகையை உரிமம் பெற்று இங்கேயே செய்தது. அமெரிக்காவில் 1953இல் வந்த வகை அது. உயரம் கூடிய புதிய எஞ்சினுக்கு இடம் வேண்டி வில்லிஸ் பானெட்டைத் தூக்கிவிட்டது. நெற்றி ஏறிய அந்த முகமே பல தலைமுறை இந்தியர்களுக்கு ‘ஜீப்பு’ என்ற சொல்லின் வடிவம். யோசித்துப்பார்த்தால், உள்ளே ஒன்று மாறியதால் வெளியே பாடி உயர்ந்த மாற்றியமைப்புத்தான் அதுவும். தொழிற்சாலை செய்ததால் அதை யாரும் அப்படிச் சொல்லவில்லை.

1952 அக்டோபர் 2 அன்று சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது வட்டார வளர்ச்சி அலுவலருக்கு ஜீப்பு வந்தது. மதராஸ் பஞ்சாயத்துச் சட்டம் (1958) பஞ்சாயத்து யூனியன்களை உருவாக்கிய பின், கிராமத்துக்குள் வரும் அரசாங்கம் என்றாலே ஜீப்புச் சத்தம் என்றாயிற்று. கலெக்டர், வனத்துறை, காவல்துறை, மலேரியா ஒழிப்பு, தேர்தல் பிரச்சாரம் எல்லாம் ஜீப்பில்தான். பத்துப் பதினைந்து ஆண்டு ஓடிய அரசு ஜீப்புகளும் ஏலத்துக்கு வந்தன. அவற்றை வாங்கியவர்களே தமிழகத்தின் மாற்றியமைப்பு வரலாற்றின் உண்மையான முதல் வாடிக்கையாளர்கள். சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகள் கையில் இருக்கையில் நிறுவனத்தின் விலைப்பட்டியலை அவர்கள் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

டீசலும் பாடியும்

முதல் பெரிய மாற்றம் உயரத்தில் நடக்கவில்லை, எஞ்சினில் நடந்தது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின் பெட்ரோல் ஜீப்பு கட்டுப்படியாகவில்லை. பட்டறைகள் பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு, கிடைத்த டீசல் எஞ்சினை ஏற்றின. மகிந்திரா நிறுவனமும் அதே வழியில் போனது. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டருடன் கூட்டாக டிராக்டர் செய்துகொண்டிருந்த நிறுவனம் அது; ஜீப்புக்கு டீசல் தேடியபோது அந்தக் குடும்பத்து எஞ்சினையும், பின்னர் பிரான்சின் பெஜோ வடிவமைத்த 2.1 லிட்டர் எஞ்சினையும் பயன்படுத்தியது.

டீசல் எஞ்சின் கனமானது. முன்பட்டை அமிழ்ந்தது, அதைத் தாங்க இன்னொரு பட்டையைச் செருகினார்கள். பட்டை கூடியதால் முன்பக்கம் உயர்ந்தது. ஆக, தமிழகச் சாலைகளில் முதலில் ஓடிய ‘உயர்த்திய’ ஜீப்புகள் பலவற்றில் உயரம் யாரும் விரும்பிச் செய்ததன்று. எடைக்குச் செய்த பரிகாரத்தின் பக்கவிளைவு.

அடுத்தது பாடி. தொழிற்சாலை ஜீப்பின் பின்தொட்டியில் சில பேர்தான் உட்காரலாம். பத்துப் பேரை ஏற்றினால்தான் மலையேறும் வண்டிக்காரருக்குக் கட்டுப்படியாகும். எனவே அடிச்சட்டத்தின் பின்முனையில் இரும்பு சேர்த்து நீட்டுவது, எதிரெதிரே இரண்டு நீள இருக்கை போடுவது, குழாய் வளைத்துக் கூண்டு கட்டித் தார்ப்பாய் போர்த்துவது, பின்னால் நிற்கப் படி வைப்பது என்று வேலை வளர்ந்தது. கரூரில் பேருந்துக்கும் நாமக்கல், திருச்செங்கோடு வட்டாரத்தில் லாரிக்கும் பாடி கட்டும் தொழில் பெருகிய மாநிலம் இது. சேசிஸை மட்டும் வாங்கி உள்ளூரில் பாடி கட்டிக்கொள்வது இங்கே இயல்பான நடைமுறை. ஜீப்புக்கும் அதே மனநிலைதான் பொருந்தியது. 91 அங்குல அச்சிடைவெளி கொண்ட வகைகளையும், பிறகு கமாண்டர் போன்ற நீள ஜீப்புகளையும் மகிந்திரா விற்றது. பட்டறை முதலில் காட்டிய தேவையைத்தான் தொழிற்சாலை பின்னால் வந்து நிறைவேற்றியது.

வடக்கே இதன் போக்கு வேறு. ஹரியானா, பஞ்சாப் எல்லையிலுள்ள மண்டி டப்வாலி திறந்த ஜீப்புகளைப் புதிதாகக் கோத்துக் கொடுக்கும் சந்தையாகப் புகழ்பெற்றது. அங்கே ஜீப்பு கௌரவத்தின் அடையாளம். ராணுவத்துக்காக ஜபல்பூரில் நிஸான் வடிவமைப்பில் செய்யப்பட்டு 1999இல் நின்றுபோன ஜோங்காவும், 1985இல் வந்த மாருதி ஜிப்ஸியும் அந்தச் சந்தையின் மற்ற இரண்டு பிரியங்கள்.

உயரம் எப்படிக் கூடுகிறது

பழைய ஜீப்பில் பட்டைகள் அச்சுக்குக் கீழே யு-போல்ட்டால் கட்டப்பட்டிருக்கும். உயர்த்துவதற்குப் பட்டறைகள் கையாண்ட வழிகள் பல. பட்டையைச் சூடேற்றி அடித்து வளைவைக் கூட்டுவது பழைய வழி. சூடு தவறினால் உருக்கின் பதம் போய்விடும். பட்டையின் முனையைத் தாங்கும் ஷாக்கிளை நீளமாகச் செய்வது மலிவான வழி. இரண்டு அங்குலம் நீட்டினால் வண்டி ஓர் அங்குலமே உயரும், போதாததற்கு ஸ்டியரிங் நிலை தடுமாறும். கீழிருந்த பட்டையைக் கழற்றி அச்சின் மேலே உட்காரவைப்பதே பெரிய வேலை. அச்சுக் குழாயின் தடிமனும் பட்டைக் கட்டின் தடிமனும் சேர்ந்து ஒரேயடியாக ஐந்து அங்குலம் அளவுக்கு வண்டியைத் தூக்கிவிடும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. பட்டையால் எவ்வளவு உயர்த்தினாலும் அச்சின் நடுவிலுள்ள டிஃபரன்ஷியல் குடம் தரையிலிருந்து ஒரு நூல்கூட உயராது. பாறையில் முதலில் இடிப்பதோ அந்தக் குடம்தான். அதை உயர்த்த ஒரே வழி பெரிய டயர். பட்டையை உயர்த்துவது, பெரிய டயர் பாடியில் உரசாமல் இருக்க இடம் தருவதற்கு மட்டுமே. அதனால்தான் உயர்த்தும் வேலையோடு மட்கார்டை வெட்டும் வேலையும் சேர்ந்தே வருகிறது.

பெரிய டயர் தன் பங்குக்குக் கணக்கை மாற்றுகிறது. சுமார் 28 அங்குல விட்டமுள்ள டயருக்குப் பதில் 31 அங்குல டயர் போட்டால் ஆரம் பத்து விழுக்காட்டுக்குச் சற்று மேல் கூடும். வேகமானி உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். டிரம்மில் அதே அழுத்தம் கொடுத்தாலும் சாலையில் கிடைக்கும் நிறுத்தும் விசை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். வண்டி உயரம், எடை, டயர் மூன்றும் கூடுகின்றன. பிரேக் மட்டும் 1940களின் அளவிலேயே நிற்கிறது.

பிரேக் குழாய்

ஹைட்ராலிக் பிரேக்கின் அடிப்படை பாஸ்கல் விதி. மூடிய கலத்திலுள்ள திரவத்தில் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் எல்லா இடத்துக்கும் ஒரே அளவில் போகும். மால்கம் லாக்ஹீட் இதைக் காருக்குக் கொண்டுவந்தார். 1921இல் டியூசன்பர்க் காரில் நான்கு சக்கரத்துக்கும் ஹைட்ராலிக் பிரேக் வந்தது. கம்பியும் கொக்கியும் கொண்ட பழைய பிரேக்கில் நான்கு சக்கரமும் நான்கு விதமாகப் பிடிக்கும். திரவப் பிரேக்கில் அந்தக் குறை நீங்கியது. பதிலுக்கு வேறோர் ஆபத்து வந்து சேர்ந்தது. எல்லாச் சக்கரமும் ஒரே திரவத்தை நம்பியிருப்பதால், எங்கேனும் ஓரிடத்தில் குழாய் விட்டால் நான்கும் போய்விடும்.

பழைய ஜீப்பில் மாஸ்டர் சிலிண்டருக்கு ஒரே அறைதான். அதிலிருந்து பென்சிலைவிட மெல்லிய உருக்குக் குழாய் சட்டத்தை ஒட்டி ஓடும். சட்டம் அசையாது, அச்சு ஏறி இறங்கும். அந்த இடைவெளியைக் கடக்க ஒரு சாண் நீள ரப்பர் ஹோஸ். முன்சக்கரங்கள் திரும்ப வேண்டியிருப்பதால் அங்கும் ஹோஸ் உண்டு. பலமாக மிதிக்கும்போது உள்ளே சதுர சென்டிமீட்டருக்கு 70 கிலோ அளவுக்கு அழுத்தம் எழும். இத்தனையையும் தாங்குவது ரப்பரும் அதனுள் பின்னிய நூலும்.

அச்சின் மேல் பட்டையை ஏற்றி வண்டியை ஐந்து அங்குலம் தூக்கினால், சட்டத்துக்கும் அச்சுக்கும் இடையிலுள்ள தூரமும் அதே அளவு கூடுகிறது. ஹோஸ் கூடுவதில்லை. பட்டறைத் தரையில் நான்கு சக்கரமும் ஊன்றி நிற்கும்போது அது இழுத்தாற்போல் தெரியும், ஆனாலும் எட்டும். பிரேக் மிதித்தால் பிடிக்கும். ஊருக்குள் ஓட்டிப்பார்த்தாலும் பிடிக்கும். வண்டியைக் கொடுத்துவிடலாம் என்றே தோன்றும். மலையில் ஒரு சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போதுதான் அச்சு முழு நீளத்துக்குக் கீழிறங்கும். அப்போது ஹோஸ் ஒன்று அறும், அல்லது உருக்குக் குழாயை இணைப்போடு பிடுங்கும். அதாவது இந்தக் குறை சமதளத்தில் ஒருபோதும் வெளிப்படாது. வண்டி எதற்காக உயர்த்தப்பட்டதோ அந்த இடத்தில்தான், சரிவில், ஆட்கள் ஏறியிருக்கும்போதுதான் வெளிப்படும்.

இதற்குப் பட்டறைகள் கண்ட தீர்வுகளில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. நீளமான ஹோஸைத் தேடி மாட்டுவது, சட்டத்தில் ஹோஸ் தொடங்கும் தாங்கியைக் கீழே இறக்கி உருக்குக் குழாயைப் பக்குவமாக வளைத்துக் கொண்டுவருவது, அச்சை முழுதும் தொங்கவிட்டு, ஸ்டியரிங்கை இருபுறமும் கடைசிவரை திருப்பி அளந்து பார்ப்பது ஆகியவை நல்ல பட்டறையின் அடையாளம். இரண்டு ஹோஸ்களை நடுவில் இணைப்பு வைத்து ஒட்டுவது கெட்ட வழி. எளிதில் வளைகிறது என்பதற்காக உருக்குக் குழாய்க்குப் பதில் செப்புக் குழாய் போடுவதும் அப்படியே. செம்பு அதிர்ச்சியில் நாளடைவில் கடினப்பட்டு வெடிக்கும். குழாயின் முனையை விரித்து இருமுறை மடித்து இறுக்கும் வேலைக்குத் தனிக் கருவி வேண்டும். ஒருமுறை மட்டும் மடித்த விளிம்பு பிளந்துகொள்ளும். நீளமாக மாட்டிய ஹோஸைச் சரியாகக் கட்டாமல் விட்டால் டயரில் உரசித் தேயும். பிரேக் ஆயிலுக்குப் பதில் ஏதோ ஓர் எண்ணெயை ஊற்றுவது எல்லாவற்றிலும் மோசமானது; சாதாரண மினரல் எண்ணெயில் சிலிண்டருக்குள்ளிருக்கும் ரப்பர் வாஷர்கள் ஊதிப்போகும்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தையும் உறிஞ்சும். டாட் 3 வகையின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய பின் அதன் வரம்பு 140 டிகிரி. நீண்ட இறக்கத்தில் கியரைக் குறைக்காமல் பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் காய்ந்து, திரவம் கொதித்து ஆவியாகும். ஆவி அமுங்கும், மிதி தரையைத் தொடும், வண்டி நிற்காது. மலை ஓட்டுநர்கள் ஏறிய கியரிலேயே இறங்குவது இதனால்தான்.

கைபிரேக்கும் தப்பவில்லை. பழைய வில்லிஸ் வகை ஜீப்பில் கைபிரேக் சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கியர்ப்பெட்டிக்குப் பின்னால் புரொப்பெல்லர் ஷாஃப்டைப் பிடிக்கும். கால்பிரேக் போனாலும் இது காப்பாற்றும். ஆனால் வண்டியை உயர்த்தும்போது அந்த ஷாஃப்ட் செங்குத்தாகச் சாய்ந்து அதன் குறுக்கு மூட்டுகள் சீக்கிரம் தேய்கின்றன. மூட்டு உடைந்தால் கைபிரேக் பிடிப்பதற்கு எதுவும் மிஞ்சாது. ஒரே மாற்றத்தால் இரண்டு பிரேக்கும் பலவீனப்படுவதைப் பட்டறை ரசீது காட்டாது.

தொழிற்சாலை உலகம் இந்த ஒற்றைச் சுற்றுக் குறையை முன்பே உணர்ந்தது. அமெரிக்கா 1968 முதல் கார்களில் இரட்டைச் சுற்றுப் பிரேக்கைக் கட்டாயமாக்கியது. ஒரு சுற்று போனாலும் மற்றது பிடிக்கும். சென்னை பாடியில் 1962இல் டி.வி.எஸ். குழுமமும் இங்கிலாந்தின் லூகாஸும் சேர்ந்து பிரேக்ஸ் இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. ரானே குழுமம் அம்பத்தூரில் பிரேக் லைனிங் செய்தது. நாட்டின் பிரேக் உதிரிபாகங்களில் பெரும்பங்கு தமிழ்நாட்டிலேயே உருவாயின. நல்ல ஹோஸும் சிலிண்டரும் வாங்க நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. ஆயினும் மாற்றியமைப்புச் செலவில் பிரேக்குக்கு ஒதுக்கப்பட்டது எப்போதும் மிச்சப் பணம்தான். டயரும் பம்பரும் கண்ணுக்குத் தெரிகின்றன. ஹோஸ் தெரிவதில்லை.

மலைப்பாதையின் ஜீப்பு

தேனி மாவட்டத்தின் போடி, கம்பம் பகுதிகளிலிருந்து விடியற்காலையில் ஏலத் தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு இடுக்கி மலைக்குப் போகும் ஜீப்புகள் பல பத்தாண்டுகளாக ஓடுகின்றன. பெண் தொழிலாளர்கள் மிகுதி. அளவுக்கு மீறி ஆளேற்றுவது குறித்து அதிகாரிகள் எச்சரிப்பதும், விபத்துக்குப் பின் சில நாள் சோதனை கடுமையாவதும், பிறகு பழைய நிலை திரும்புவதும் அங்கே வாடிக்கை. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் ஜீப்புகள் இதே மரபின் இன்னொரு கிளை. ஜவ்வாது, கல்வராயன் போன்ற மலைகளிலும் சாலை போடப்படாத ஊர்களுக்கு மூட்டையும் நோயாளியும் ஜீப்பில்தான் போய்வந்தார்கள்.

இந்த வண்டிகளில் காணும் மாற்றங்கள் அழகுக்காகச் செய்தவை அல்ல. கூடுதல் பட்டை பாரத்துக்கு, கூண்டு மழைக்கு, பின்படி இன்னும் இரண்டு பேருக்கு. இவற்றில் உயிரைக் காப்பவையும் உயிருக்கு உலை வைப்பவையும் கலந்தே இருக்கின்றன. கூடுதல் பட்டை வண்டியைத் தாங்கும், கூடவே கூடுதல் ஆளையும் அழைக்கும். ஒரு மாற்றத்தைத் தொழிலாளியின் கூலியும் தோட்டத்தின் தூரமும் தீர்மானிக்கும்போது, பிரேக் குழாயின் நீளத்தைக் கேட்பதற்கு யாருக்கும் நேரமிருப்பதில்லை. இதற்குப் பட்டறையை மட்டும் குறை சொல்வது எளிது, நியாயமாகாது. பேருந்தோ, பாதுகாப்பான தொழிலாளர் வண்டியோ போகாத பாதையை ஜீப்பின் தலையில் கட்டியது பட்டறைக்காரர் அல்லர்.

சட்டம்

1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 32ஆம் பிரிவு வண்டி மாற்றத்தைப் பற்றியது. அதன் பார்வை பதிவேட்டின் பார்வை: பதிவுச் சான்றிதழில் எழுதியதும் வண்டியும் பொருந்த வேண்டும், மாற்றினால் அதிகாரிக்குச் சொல்ல வேண்டும். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் முதலில் அதே அணுகுமுறையைத் தொடர்ந்தது. முன்கூட்டி அறிவித்து ஒப்புதல் பெற்றால் மாற்றலாம். ஏழு நாளில் பதில் வராவிட்டால் ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ளலாம். துணைப்பொருள் சேர்ப்பதால் எடை இரண்டு விழுக்காட்டுக்குள் மாறினால் ஒப்புதலே தேவையில்லை. நாடு முழுக்கப் பட்டறைகள் தழைத்தது இந்த நெகிழ்வான காலத்தில்தான்.

2000ஆம் ஆண்டுத் திருத்தம் அளவுகோலையே மாற்றியது. இனி ஒப்பிட வேண்டியது பதிவுச் சான்றிதழோடு மட்டுமல்ல. தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களோடு. எஞ்சின் மாற்றம், எரிபொருள் மாற்றத்துக்கான கருவி போன்ற சிலவற்றுக்கு மட்டும் நிபந்தனையுடன் இடமிருந்தது. மாநிலங்களின் விதிகள் இதற்குப் பின்னும் சில பாடி மாற்றங்களுக்கு வழிவிட்டதால் குழப்பம் நீடித்தது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் அதைத் தீர்த்தது. தயாரிப்பாளரின் மூல வடிவமைப்புக்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது, மாநில விதி மத்தியச் சட்டத்தை மீற முடியாது என்பது தீர்ப்பு. அவ்வாண்டு செப்டம்பர் முதல் நடைமுறைக்கு வந்த 182ஏ பிரிவு, அனுமதியின்றி மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்க வழிசெய்தது. மாற்றுத்திறனாளிகளுக்காக வண்டியைத் தகவமைப்பதற்கு அதே திருத்தம் இடமளித்தது. அதற்குமுன், 2017 டிசம்பரிலேயே, முன்பம்பரில் பொருத்தும் இரும்புக் கம்பித் தடுப்புகள் மீது நடவடிக்கை எடுக்குமாறு மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியிருந்தது.

சட்டத்தின் காரணம் வலுவானது. பழைய ஜீப்பை ஒரு மெக்கானிக் முழுதாகப் புரிந்துகொள்ள முடிந்தது. 2020 அக்டோபரில் விற்பனைக்கு வந்த புதிய தார் அப்படிப்பட்ட வண்டி அல்ல. 2019 ஏப்ரல் முதல் புதிய கார்களுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம். சக்கரத்தின் வேகத்தைக் கணினி எண்ணுகிறது. தொழிற்சாலை போட்ட டயரின் அளவு அதன் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது. அங்கே உயர்த்திக் கட்டினால் ஹோஸோடு உணரியின் கம்பியும் நீள வேண்டும், கணினியின் கணக்கும் மாற வேண்டும்.

ஆனால் சட்டத்தில் ஒரு குறை இருக்கிறது. ஹோஸை நீட்டாமல் ஐந்து அங்குலம் உயர்த்தியவரும், முறையாக அளந்து நல்ல ஹோஸ் மாட்டியவரும் அதன் கண்ணில் ஒன்றே. வெளிநாடுகள் சிலவற்றில் மாற்றிய வண்டியைப் பொறியாளர் சோதித்துச் சான்று தரும் வழி உண்டு. ஆஸ்திரேலியாவில் எத்தனை மில்லிமீட்டர் உயர்த்தினால் எந்தச் சோதனை என்று விதிநூலே இருக்கிறது. இங்கே சாதாரண உரிமையாளர் போய் நிற்கத்தக்க அப்படியொரு வாசல் இல்லை. புனேயின் வாகன ஆராய்ச்சிக் கழகமும் சென்னைக்கு அருகே ஒரகடத்தின் சோதனை மையமும் தயாரிப்பாளர்களின் மாதிரி வண்டிகளைச் சோதிப்பவை. ஒற்றை ஜீப்போடு வருபவருக்கானவை அல்ல.

சொந்தப் பயன்பாட்டு ஜீப்பு 15 ஆண்டு ஆனதும் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் நிற்க வேண்டும். அந்தத் தேதி நெருங்கும்போது பெரிய டயர்களும் கூடுதல் விளக்குகளும் கழற்றப்பட்டு, வீட்டின் பின்கட்டில் கிடந்த பழைய டயர்கள் மாட்டப்படுவது உண்டு. அச்சின் மேல் ஏறிய பட்டையை அப்படி ஒருநாளில் இறக்க முடியாது. ஆய்வாளர் குனிந்து பார்த்தால் அதுவும், அதன் பக்கத்தில் இழுபட்டு நிற்கும் ஹோஸும் தெரியும்.